சட்டைக்கு வந்த வசனம்

என் சின்ன மகனே,

உனக்கு நாக்பூருக்கு மாற்றலாகிவிட்டது என்ற செய்தியை எனக்குச் சொன்னது நம் வேதக்கோவிலில் மணி அடிக்கிறவர். பெற்ற தாய்க்குத் தெரிவதற்கு முன்னால் மணி அடிக்கிறவருக்குத் தெரிந்திருக்கிறது. ரொம்ப நன்றாக இருக்கிறது. மீஞ்சூர் வீட்டில் நீயும் மருமகளும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறீர்களாம், மாசி முடிவதற்குள் கிளம்பிவிடுவீர்களாம். மீஞ்சூரில் ரயில் ஏறினால் உட்கார்ந்த சூடு ஆறுவதற்குள் ராயபுரத்தில் இறங்கலாம். அந்தத் தூரத்தைக் கடந்து வந்து ஒரு வார்த்தை சொல்ல முடியாதவன் நாக்பூருக்குப் போனபிறகு எங்கே வரப்போகிறாய்? எனக்கும் வயதாகிவிட்டது. கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். இந்தக் கடிதத்தையே தாளைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும். நீ ஊரை விட்டுப் போவதற்குள் உன் அண்ணனை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இன்னொரு விஷயமும் உன்னிடம் கேட்க வேண்டும். அதைக் கடைசியில் கேட்கிறேன். முதலிலேயே கேட்டால் நீ மிச்சத்தைப் படிக்கமாட்டாய். உன் அவசரம் எனக்குத் தெரியாததா?

உன் அண்ணனுக்காக வக்காலத்து வாங்கப்போகிறேன் என்று நினைக்காதே. அவன் செய்தது தப்பு. உன் அப்பா போன சித்திரையில் இறந்தபோது நீ இஞ்சினில் கரி தள்ளிக்கொண்டு பெஜவாடா பக்கம் போயிருந்தாய். தந்தி உன் கைக்கு வந்து, நீ அடித்துப் பிடித்து ஓடிவந்தபோது கல்லறைத் தோட்டத்தில் மண்ணே காய்ந்துவிட்டது. வெயிலில் உடம்பு தாங்காது என்று அவன் எல்லோரிடமும் சொன்னான். நீ கூட்டத்துக்கு நடுவில் நின்று, “ராயபுரத்துல மீனுக்குக் கெடைக்கிற ஐஸ் எங்கப்பாவுக்குக் கெடைக்கலியா?” என்று கேட்டாய். ஐஸ் வாங்கலாம் என்று அக்கம்பக்கத்தார் சொல்லத்தான் செய்தார்கள். அப்பா படுக்கையில் கிடந்த மாதங்களில் நீ எட்டிப் பார்த்தது அபூர்வம் என்ற கோபத்தில், அவன் வேண்டுமென்றேதான் பெட்டியை மூடச் சொன்னான். அதை அவனே என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு சொல்லி அழுதான். இனி எனக்கு அண்ணன் கிடையாது என்று நீ செருப்பை மாட்டிக்கொண்டு போனாயே, அன்று சாயங்காலமே அழுதான். உன் காதில் விழவேண்டிய அழுகை என் காதில் விழுந்தது. நான் அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

உனக்குப் பாயின் மேல் மடித்து வைத்திருந்த அந்தச் சட்டை நினைவிருக்கும். சின்ன வயதில் அந்தப் பக்கமே போகமாட்டாய். சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றிப் போவாய். ஏன் அங்கே ஒரு சட்டை இருந்தது, அது எப்படி ஒருநாள் இல்லாமல் போனது என்பதை உனக்கு யாரும் சரியாகச் சொல்லவில்லை. உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் சொல்லவேண்டாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்லலாம்.

நம் வீட்டு ஜெபத்தில் வேதம் வாசிக்கிற முறையை நீ மறந்திருக்கமாட்டாய். ஜனவரி வருஷப் பிறப்பன்று முதல் அதிகாரத்தில் தொடங்கி, நாளுக்கு ஒரு அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனம், உட்கார்ந்திருக்கிற வரிசைப்படி. முதலில் உன் தாத்தா. அவருக்குக் கண் தெரியாது, ஆனால் அவருக்கு மனப்பாடமாகாத அதிகாரம் குறைவு. அடுத்து உன் அப்பா. அப்புறம் உன் சித்தப்பா செல்லையா. அப்புறம் நான், உன் அண்ணன், நீ. யாருக்காவது தொண்டை கட்டியிருந்தாலோ, நீ தூங்கி விழுந்தாலோ, அந்த வசனத்தை அடுத்த ஆள் எடுத்து வாசிக்க வேண்டும். வசனம் தரையில் விழக்கூடாது என்று தாத்தா சொல்வார். தெற்கேயிருந்து கருப்பட்டி வியாபாரத்துக்காக ராயபுரம் வந்து மண்டி வைத்த நாளிலிருந்து இந்த முறை மாறியதில்லை. மண்டிக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் சந்து, சந்தைப் பார்த்த ஒரே சன்னல், அந்தச் சன்னலுக்குக் கீழே பாய்.

செல்லையா தாத்தாவின் செல்லப்பிள்ளை. பெயரிலேயே செல்லம் இருக்கிறது, பிறகு என்ன? உன் அப்பா மூட்டை சுமந்து கணக்குப் பார்த்து மண்டியை நிமிர்த்தினார். செல்லையா பாடுவார், சிரிப்பார், கடற்கரையில் சுற்றுவார். ஆனாலும் உன் அப்பா மண்டியிலிருந்து வந்ததும் தாத்தாவின் வாய் முதலில் கேட்பது செல்லையா எங்கே என்றுதான். உன் அப்பாவுக்கு அது உள்ளே புகைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். பெரியவர்கள் செய்கிற இந்த ஓரவஞ்சனை பிள்ளைகளைத்தான் கடிக்கும். அதனால்தான் நான் உங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை தைத்தேன். நீ அழுது அடம்பிடித்தும் தைத்தேன்.

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான வருஷம், தாத்தா, நான், நீங்கள் இரண்டு பேரும் தெற்கே உறவுக்காரர் வீட்டுக்குப் போய்விட்டோம். மண்டியைப் பார்த்துக்கொள்ள அண்ணன் தம்பி இரண்டு பேரும் இங்கேயே இருந்தார்கள். பூட்டிய வீடுகளும் நாய்களும்தான் துணை. அப்போதுதான் செல்லையா, காத்திவாக்கத்தில் இறால் விற்கிற எல்லம்மாவைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு சாதி, வேறு சாமி. உன் அப்பா அடித்திருக்கிறார். அதோடு விட்டிருக்கலாம். தாத்தாவிடமிருந்து ஆள் மூலம் செய்தி வந்ததாக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறார். ‘என் முகத்தில் விழிக்காதே, என் பெட்டியில் மண் போடவும் வராதே’ என்று தாத்தா சொன்னதாக. செல்லையா அதை நம்பி, போட்டிருந்த சட்டையைக் கழற்றி, இதுவும் அப்பா வாங்கிக் கொடுத்ததுதானே என்று மண்டியிலேயே வைத்துவிட்டு வெறும் உடம்போடு போயிருக்கிறார். நாங்கள் திரும்பி வந்ததும் தாத்தா கேட்ட முதல் கேள்வி உனக்குத் தெரியுமே. உன் அப்பா அந்தச் சட்டையை எடுத்து அவர் கையில் கொடுத்து, கொழும்புக்குப் போகிற சரக்குக் கப்பலில் ஏறிவிட்டான் என்றும், அந்தக் கப்பல் கடலில் மூழ்கிவிட்டதாகத் துறைமுகத்தில் பேசிக்கொள்கிறார்கள் என்றும் சொன்னார்.

நீ பாதிக் கதையை மறந்திருப்பாய், அதனால் சொல்கிறேன். வேதத்தில் யாக்கோபுக்குப் பிள்ளைகள் பலர், யோசேப்பு செல்லப்பிள்ளை. அண்ணன்மார் பொறாமையில் அவனை விற்றுவிட்டு, அவன் அங்கியை ஆட்டு ரத்தத்தில் தோய்த்து அப்பாவிடம் காட்டி, மிருகம் தின்றுவிட்டது என்று நம்பவைத்தார்கள். வருஷா வருஷம் அதை வாசித்த குடும்பம் நம்முடையது. அந்த வருஷமும் வாசித்திருந்தோம். ஆனாலும் உன் அப்பா சட்டையை நீட்டியபோது எங்களில் ஒருத்தருக்கும் யோசேப்பு நினைவுக்கு வரவில்லை. நீட்டியவருக்கும் வரவில்லை, அதை என்னிடம் அவரே சொல்லியிருக்கிறார். தாத்தா சட்டையை முகர்ந்தார். கருப்பட்டி வாசம் இருந்தது. அழவில்லை. அதை மடித்து, பாயில் செல்லையா உட்காருகிற இடத்தில் வைத்தார். “அவன் முறைய ஒருத்தரும் எடுக்கக்கூடாது” என்றார்.

அன்றிலிருந்து உன் அப்பா வாசித்து முடித்ததும், ஒரு வசனம் வாசிக்கிற நேரம் நாங்கள் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அப்புறம் நான் அதற்கு அடுத்த வசனத்தை எடுப்பேன். அப்போது இருட்டடிப்புக் காலம். விளக்கு வெளிச்சம் வெளியே தெரியக்கூடாது என்று சன்னல் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தோம். அதனால் ஜெபத்தையும் பொழுது சாய்வதற்கு முன்னாலேயே வைத்துக்கொள்வோம். வெளியே வெயில் இருக்கும், உள்ளே சன்னல் மட்டும் கறுப்பாக இருக்கும். கொஞ்ச நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள், அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் தாத்தா தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் இருந்தார். முடிவில், ‘ம்’ என்றார். வயதானவர், ஏதோ நினைப்பு என்று சமாளித்துக்கொண்டேன்.

அது நிற்கவில்லை. தினமும் இல்லை, சில நாட்களில் மட்டும். அந்த நாட்களில் சன்னல் பக்கம் ஒரு கடல் வாசம் வரும். உப்பும் சேறும் கலந்த வாசம். எனக்கே வந்தது. ராயபுரத்தில் கடல் வாசம் அதிசயமா என்று கேட்பாய். மண்டி வீட்டில் கருப்பட்டியை மீறி வேறு வாசம் ஏறாது, உனக்குத் தெரியும். ஒருநாள் தாத்தா அந்தக் காலி இடத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, “ஏல, நிறுத்தி வாசி. முழுங்காத” என்று அதட்டினார். நீ என் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டாய். உன் அண்ணன் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். உன் அப்பாவின் முகம் சாம்பல் பூத்துவிட்டது. நான் அப்புறம் தாத்தாவிடம் மெதுவாகக் கேட்டேன், மாமா, யாரிடம் பேசினீர்கள் என்று. செல்லையா வருகிறான் என்றார். கடலில் செத்தவன் கடல் வாசத்தோடுதானே வருவான் என்றார். கூப்பிட்டால் போய்விடுவான், அதனால் கூப்பிடமாட்டேன், நீயும் கூப்பிடாதே என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம். அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

உன் அப்பா இளைத்தார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுவார். தம்பி காத்திவாக்கத்தில் உயிரோடு இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவருக்குக் கூடுதல் பயம். ஒருவேளை இப்போது நிஜமாகவே செத்துவிட்டானோ, கட்டுமரம் கவிழ்ந்திருக்குமோ, நான் சொன்ன பொய் பலித்துவிட்டதோ என்று. போய்ப் பார்த்துவரவும் கால் வரவில்லை. போனால் எதைப் பார்ப்போமோ என்று பயம். இதெல்லாம் பின்னால் அவர் சொல்லித் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், என் புருஷன் ஒரு சட்டையைக் கண்டு நடுங்குகிறார் என்பது மட்டும்தான்.

வருஷம் பிறந்து, யோசேப்பின் அதிகாரங்கள் வந்தன. அண்ணன்மார் பஞ்சத்தில் தானியம் கேட்டு எகிப்துக்குப் போகிறார்கள். அங்கே அதிபதியாக உட்கார்ந்திருப்பது யோசேப்பு, அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவன் கெடுபிடி செய்கிறான். அப்போது அவர்கள் தங்களுக்குள்ளே பேசிக்கொள்கிறார்கள்: தம்பி நம்மைக் கெஞ்சினானே, அவன் பட்ட வேதனையைக் கண்ணால் பார்த்தும் காதில் வாங்காமல் போனோமே, அதற்குத்தான் இது வந்திருக்கிறது என்று. அந்த வசனம் அன்று உன் அப்பாவின் முறைக்கு வந்தது. அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் முயற்சி செய்தார். பிறகு, பழக்கதோஷத்தில், “தொண்ட கட்டியிருக்கு. அடுத்த ஆள் வாசிங்க” என்றார்.

அடுத்த ஆள் யார்? சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது. அவருக்குப் பக்கத்தில் இருந்தது சட்டை. நான் எடுக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது அந்த வசனத்தை ஒரு ஆண்குரல் வாசித்தது. சத்தமாக இல்லை. நிறுத்தி, நிதானமாக, ஒரு எழுத்தை விழுங்காமல் வாசித்தது. சன்னல் பக்கமிருந்தா, பாயிலிருந்தா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் கேட்டேன். உன் அண்ணன் கேட்டான். நீயும் கேட்டாய், அன்று ராத்திரி முழுக்க உனக்குக் காய்ச்சல். தாத்தா மட்டும் பதறவில்லை. “ஆமா, இப்ப நல்லா வாசிச்ச” என்றார். அன்றைக்குக் கடல் வாசம் வரவில்லை. எனக்கு அது அப்போது தோன்றவில்லை, பின்னால்தான் தோன்றியது.

உன் அப்பா குப்புற விழுந்தார். பாயில் முகத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். எல்லம்மா, அடித்தது, தாத்தா பெயரில் சொன்ன பொய், கப்பல் பொய், எல்லாம். பிள்ளைகள் முன்னால் என்ற கூச்சம்கூட இல்லை, உனக்கு அது புரிகிற வயதும் இல்லை. தாத்தா கையை ஓங்குவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான். “அப்போ சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்னது உசுரோட இருக்கப்பட்டவனா?” கேட்டுவிட்டு எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே சன்னலுக்குப் போய், நகத்தால் கறுப்புத் தாளைக் கிழித்தார். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்தேன். சந்தில் சாயங்கால வெயில் விழுந்திருந்தது. யாரும் இல்லை.

மறுநாள் உன் அப்பாவைக் காத்திவாக்கத்துக்குப் போகச் சொன்ன தாத்தா, என்னையும் கூடப் போகச் சொன்னார். பெற்ற பிள்ளையின் வார்த்தையில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டிருந்தது. எண்ணூரில் ரயில் இறங்கி நடந்தோம். உச்சி வெயில். கழிமுகத்தில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. குப்பத்தில் ஆம்பிளைகள் ஒருத்தரையும் காணோம், உலர்த்திய வலைகளுக்கு நடுவில் எங்கள் காலடிச் சத்தம்தான். உன் அப்பா ஒவ்வொரு வலைக்குப் பக்கத்திலும் நின்று நின்று வந்தார். ஒரு குடிசை வாசலில் இறால் ஆய்ந்துகொண்டிருந்த பெண் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். எப்படித்தான் கண்டுகொண்டாளோ, “நீங்கதான் அண்ணாரா? உங்க தம்பி உசுரோடதான் கீறாரு. நல்லா பாத்துக்கினு போங்க” என்றாள். அவள்தான் உன் சித்தி எல்லம்மா. வாயில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது என்பது உனக்குத் தெரியுமே.

செல்லையா உள்ளே படுத்திருந்தார். கெளுத்தி முள் குத்தி கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். உன் அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்பா அப்படி ஒன்றும் சொல்லவில்லை, எல்லாம் நான் சொன்னது, தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தார். செல்லையா திரும்பவே இல்லை. என்னிடம்தான் பேசினார். “மதினி, நான் சன்னல்கிட்ட நிக்கது அப்பாவுக்குத் தெரியுமே. நிறுத்தி வாசின்னு சொன்னாவளே. தெரிஞ்சும் உள்ள வாலன்னு ஒரு வார்த்தை சொல்லல. நமக்கு அம்புட்டுதான்னு நெனச்சேன்.” இறால் விற்க ராயபுரம் வருகிற நாட்களில் அவர் சந்தில் வந்து நின்றிருக்கிறார். தன் முறைக்கு வீட்டார் இடம் விடுவதைக் கேட்டு, தன் வசனத்தை முணுமுணுத்துவிட்டுப் போயிருக்கிறார். மகன் செத்துவிட்டான் என்று அப்பா கூப்பிடவில்லை. அப்பா வெறுத்துவிட்டார் என்று மகன் உள்ளே வரவில்லை. நடுவில் ஒரு கறுப்புத் தாள். நான் அந்தக் குடிசையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

அழுதுகொண்டே, நேற்று அந்த வசனத்தை நன்றாக வாசித்தீர்கள் என்று சொன்னேன். செல்லையா முழித்தார். நேற்று நான் வரவில்லையே மதினி என்றார். எல்லம்மா இறால் கையோடு உள்ளே வந்து, “முந்தாநேத்துலேந்து காலத் தரையில வைக்க முடியாம படுத்துகினு கீறாரு. இதுல ராயபுரத்துக்கு எங்க வர்றது?” என்றாள். உன் அப்பா அப்போதுதான் தரையில் உட்கார்ந்தார்.

கால் வீக்கம் வற்றியதும் செல்லையாவும் எல்லம்மாவும் வந்தார்கள். தாத்தா மகனின் முகத்தைத் தடவினார், காதைத் தடவினார், கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார், பிறகு கட்டிக்கொண்டார். சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொன்னார். எல்லம்மாவையும் பாயில் உட்காரவைத்து, இவளுக்கும் ஒரு வசனம் கொடுங்கள் என்றார். எழுத்து தெரியாது என்று அவள் நெளிந்தாள். செல்லையா சொல்லச் சொல்ல அவள் திருப்பிச் சொன்னாள். அந்த வசனம் அவள் வாயில் என்ன பாடுபட்டது என்பது நினைவிருக்கிறதா? தாத்தா அதற்கு மட்டும் திருத்தம் சொல்லவே இல்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் நான் பொய் சொன்னவளாவேன். யோசேப்பு கதையிலும் ஒரு இடம் உண்டு, பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். அப்பா யாக்கோபு செத்தபிறகு அண்ணன்மாருக்கு மறுபடி பயம் வருகிறது. அப்பாவுக்காகத்தான் சும்மா இருந்தான், இனிமேல் பழிவாங்குவான் என்று நினைக்கிறார்கள். அதைக் கேட்டு யோசேப்பு அழுகிறான். உன் தாத்தா போனபிறகு உன் அப்பாவும் அப்படித்தான் ஆனார். செல்லையா வந்தால் வாசல் வரைக்கும் போய் வரவேற்பார், உட்காரவைத்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். தம்பி எப்போதோ மன்னித்துவிட்டார். அண்ணனுக்குத்தான் அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. வருஷக்கணக்கில் ஒருத்தர் அப்படி வாழ்ந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன் மகனே. அது உன் அண்ணனுக்கும் வரவேண்டாம்.

போன சித்திரையில், தன் கடைசி நாளில், உன் அப்பா செல்லையாவைக் கூப்பிட்டனுப்பினார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அவர் கேட்டது அதைத்தான். “அன்னைக்கு வாசிச்சது நீதானல? உண்மையச் சொல்லு.” செல்லையா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் அண்ணாச்சி. கால இழுத்துக்கிட்டு வந்து வாசிச்சிட்டுப் போனேன்” என்றார். உன் அப்பாவின் முகம் அப்படியே தளர்ந்தது. பல வருஷத்துக்கு அப்புறம் அந்த முகத்தை நான் பார்த்தேன். வெளியே வந்ததும் செல்லையா என்னிடம், நான் வரவில்லை மதினி, சத்தியமாக வரவில்லை என்றார். எனக்குத் தெரியும் என்றேன்.

இப்போது நான் கேட்கவேண்டியதற்கு வருகிறேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டு போன மறுநாளிலிருந்து, ஜெபத்தில் உன் முறை வரும்போது உன் அண்ணன் யாரையும் வாசிக்கவிடுவதில்லை. அவன் பெண்டாட்டி தெரியாமல் ஒருநாள் எடுத்து வாசித்துவிட்டாள், அவளிடம் சண்டைக்குப் போய்விட்டான். அது சின்னவன் வசனம் என்றான். தாத்தா செய்ததையே செய்கிறான். சட்டை மட்டும்தான் இல்லை. அவனாக மீஞ்சூருக்கு வந்திருக்கலாமே என்று கேட்பாய். வந்தான். உங்கள் தெருமுனை வரைக்கும் இரண்டு தடவை வந்துவிட்டு, நீ கதவைச் சாத்திவிடுவாய் என்று பயந்து திரும்பிவிட்டான். அவன் தப்புக்கு அவன்தான் முதலில் வந்திருக்கவேண்டும், நான் மறுக்கவில்லை. கதவு வரைக்கும் வராதது இன்னொரு தப்பு.

இப்போது யோசேப்பின் அதிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. போன வியாழக்கிழமை சாயங்காலம், உன் முறைக்கு நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஒரு குரல் அந்த வசனத்தை வாசித்தது. உன் குரல். பெற்றவளுக்குத் தெரியாதா? உன் அண்ணன் வெளுத்துப்போய், “அம்மா, சின்னவன்” என்றான். நான் எழுந்துபோய்ப் பார்த்தேன். சன்னலில் இப்போது தாள் இல்லை, வெறும் கண்ணாடிதான். சந்தில் யாரும் இல்லை. கரிப்புகை வாசம் அடித்தது. ஆனால் இந்த ராயபுரத்தில் அது எப்போது அடிக்காமல் இருந்தது? உன் அண்ணன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

வந்தது நீயாக இருந்தால், திட்டமாட்டேன். உன் சித்தப்பா நின்ற இடத்தில் நின்றிருக்கிறாய். அங்கே நின்று எதையும் சரியாகக் கேட்க முடியாது. முன்வாசலுக்கு வா, மண்டி வழியாக வா, எல்லோரும் பார்க்க வா. உன் இடத்தில் உட்கார்ந்து, உன் அண்ணனை ஓங்கி ஒரு அறை விட வேண்டுமானாலும் விடு. நான் குறுக்கே வரமாட்டேன்.

வந்தது நீ இல்லை என்றால், இந்தக் கடிதத்தைக் கீழே வைத்த கையோடு, நீ நன்றாக இருக்கிறாய் என்று உன் கையெழுத்தில் ஒரு கார்டு போடு. உனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்தக் கார்டு வந்து சொல்கிற வரைக்கும் உன் வசனத்துக்கு நாங்கள் காது கொடுக்கமாட்டோம். அந்த நேரம் வந்தால் உன் அண்ணன் இரண்டு காதையும் பொத்திக்கொள்கிறான், நானும் பொத்திக்கொள்கிறேன்.

உன் அம்மா